பாண்ட் காருக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு: அசல் டிபி5, டிபி6, புதிதாகக் கட்டிய டிபி5 – எது யாருக்கு?

"ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 வாங்க ஆசை. ஆனால் அந்த விலைக்கு இரண்டு டிபி6 வாங்கலாம் என்கிறார்கள். எதை எடுப்பது?" பிரிட்டனில் இருக்கும் வாசகர்கள் சிலர் இந்தக் கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் வீட்டுக் கடனை அடைத்து, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, சின்ன வயதில் திரையில் பார்த்து மயங்கிய அந்த வெள்ளிநிறக் காரை இனியாவது சொந்தமாக்கிக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்கள். பெரிய பணம், அதைவிடப் பெரிய ஆசை. அவசரப்பட்டால் இரண்டுமே வீணாகும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிக்கடி வெளியே எடுத்து ஓட்டப்போகிறவருக்கு, டிபி5-க்கு அடுத்து வந்த டிபி6தான் சரி. டிபி5-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி, 1964-இல் வந்த கோல்ட்ஃபிங்கர் என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கான விலை. அந்தப் படம் உங்களுக்கு அவ்வளவு முக்கியம் என்றால் தாராளமாகக் கொடுங்கள். எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

## எதையெல்லாம் வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, சாலையில் ஓட்ட முடியுமா, ஓட்டினால் சுகமாக இருக்குமா என்பது. கேட்கவே வேண்டாத கேள்வி போலத் தோன்றும். ஆனால் இந்தப் பட்டியலிலேயே மிக அதிக விலையுள்ள கார் சாலையில் ஓட்டக்கூடாத கார்.

அடுத்தது வாங்கிய பிறகு ஆகும் செலவு. யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். விலை பேசும்போது யானையை மட்டும் பார்க்கிறோம்.

மூன்றாவது, காரின் ஜாதகம்: இன்ஜின் அந்தக் காரிலேயே பிறந்ததா, ஃபேக்டரியிலிருந்து எந்த நிறத்தில் வெளியே வந்தது, இடையில் யார் கை வைத்தார்கள். கடைசியாக, நாளை விற்க வேண்டி வந்தால் வாங்க ஆள் இருக்குமா. முதலீடு என்ற சொல்லை நான் இங்கே பயன்படுத்தவில்லை. இந்தக் கார்களின் விலை ஏறியும் இருக்கிறது, இறங்கியும் இருக்கிறது. லாபத்தை மட்டும் நினைத்து வாங்குகிறவருக்கு இதைவிடத் தொல்லை குறைந்த வழிகள் உண்டு.

| | அசல் டிபி5 | டிபி6 | டிபி4 ஐந்தாம் வரிசை | கோல்ட்ஃபிங்கர் கன்டினியூவேஷன் (புதிதாகக் கட்டிய டிபி5) | டிபி5 ஜூனியர் |
|---|---|---|---|---|---|
| காலம் | 1963–65 | 1965–70 | 1962–63 | 2020 முதல் | 2021 முதல் |
| இன்ஜின் | 3,995 சிசி, 6 சிலிண்டர் | அதே இன்ஜின் | 3,670 சிசி, 6 சிலிண்டர் | 4 லிட்டர், 6 சிலிண்டர் | மின் மோட்டார் |
| சாலையில் ஓட்டலாமா | ஆம் | ஆம் | ஆம் | இல்லை | இல்லை |
| விலை நிலவரம் | நல்ல கார் அரை மில்லியன் பவுண்டு அளவில், அதற்கு மேலும் | ஏறத்தாழ அதில் பாதி | இரண்டுக்கும் இடையில் | அறிமுக விலை 27.5 லட்சம் பவுண்டு, வரி தனி | அறிமுக விலை 35,000 பவுண்டு, வரி தனி |
| பெரிய மறைசெலவு | உடல் துரு, இன்ஜின் | அதேதான் | அதே. சில பாகங்களைத் தேட வேண்டும் | ஓட்ட இடம், கருவிகளின் பராமரிப்பு | ஓட்டத் தனியார் நிலம் |

## அசல் டிபி5

டிபி என்பது டேவிட் பிரவுன். டிராக்டரும் கியரும் செய்த யார்க்ஷயர்த் தொழிலதிபர். 1947-இல் ஆஸ்டன் மார்ட்டினை வாங்கியவர். பக்கிங்ஹாம்ஷயரின் நியூபோர்ட் பாக்னெலில் இரண்டே ஆண்டுகளில் கட்டிய டிபி5-கள், திறந்த கூரைக் கார்களையும் சேர்த்து, ஆஸ்டன் மார்ட்டின் கணக்குப்படி 1,059. போலந்தில் பிறந்த டாடெக் மாரெக் வடிவமைத்த அலுமினிய இன்ஜின், மூன்று எஸ்யூ கார்புரேட்டர்கள், 282 குதிரைத்திறன் என்று அறிவிப்பு. வெபர் கார்புரேட்டர்களுடன் வந்த வான்டேஜ் இன்னும் முறுக்கானது. எண்ணிக்கையிலும் குறைவு, விலையிலும் அதிகம். ஜெர்மனியின் இசட்எஃப் ஐந்து கியர் பெட்டி, நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், மின்சாரத்தில் ஏறி இறங்கும் ஜன்னல் கண்ணாடிகள். 1963-க்கு இதெல்லாம் உச்சம்.

ஆனால் இந்தக் காரை ஒருவர் அரை மில்லியன் கொடுத்து வாங்குவது இன்ஜினுக்காக இல்லை. திரையில் தோட்டா பாய்ச்சியதும், எதிரியைக் கூரை வழியே தூக்கி எறிந்ததும் இந்த வடிவம். 1965-இல் வந்த தண்டர்பால் என்ற பாண்ட் படத்தின் விளம்பரத்துக்காகப் படத்தில் வரும் ரகசியக் கருவிகள் பொருத்திய ஒரு டிபி5, 2019-இல் கலிபோர்னியாவில் நடந்த ஏலத்தில் 63.85 லட்சம் டாலருக்குப் போனது. 2022-இல், பாண்டாக நடித்த ஷான் கானரி சொந்தமாக வைத்திருந்த டிபி5, எந்தப் படத்திலும் வராத கார், 24.25 லட்சம் டாலருக்குப் போனது. இந்த இரண்டு விலைகளையும் காட்டி "டிபி5 என்றால் மில்லியன் கணக்கில்" என்று பேசும் தரகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் விலை புகழுக்கும் வரலாற்றுக்கும் விழுந்த விலை. படத்துக்கும் நடிகருக்கும் தொடர்பில்லாத சாதாரண டிபி5-இன் சந்தை வேறு.

இனி மறைந்திருக்கும் செலவுகள். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

இந்தக் காரின் உடல் 'சூப்பர்லெஜேரா' முறையில் ஆனது. மிலானைச் சேர்ந்த கரோட்சேரியா டூரிங் நிறுவனத்தின் உத்தி இது. மெல்லிய இரும்புக் குழாய்களைக் காரின் வடிவத்துக்கு வளைத்து ஒரு கூடு கட்டி, அதன்மேல் அலுமினியக் கலவைத் தகட்டைப் போர்த்துவார்கள். எடை குறையும், வளைவுகள் அழகாக வரும். ஆனால் இரும்பும் அலுமினியமும் தொடும் இடத்தில் ஈரம் புகுந்தால் அரிப்பு தொடங்கும். அறுபது ஆண்டு இங்கிலாந்து மழையும், குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் இதில் சேர்ந்திருக்கின்றன. கதவின் கீழ்விளிம்பு, சக்கர வளைவுகளின் ஓரம், முன்கண்ணாடியின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் பெயின்ட் சின்னச் சின்னக் கொப்புளமாக எழுந்திருந்தால் அது பெயின்ட்டின் குற்றம் இல்லை, உள்ளே அரிப்பு நடக்கிறது. பழைய கார் வாங்குகிறவர்கள் காந்தத்தை ஒட்டிப் பார்த்து, தகட்டின் ஓட்டையைப் பூசி மறைத்த புட்டியைக் கண்டுபிடிப்பார்களே, அந்த வித்தை இங்கே பலிக்காது. அலுமினியத்தில் காந்தம் எப்படியும் ஒட்டாது. அலுமினியத்துக்கும் வேலை செய்கிற பெயின்ட் தடிமன் அளவி தேவை. கதவுக்குக் கீழே ஓடும் விளிம்புச் சட்டத்துக்கு உள்ளே இருக்கும் இரும்பு, ஜாக்கி வைக்கும் இடங்கள், பின்சக்கர இணைப்புகள் சேசிஸோடு சேரும் இடங்கள் ஆகியவற்றைக் காரைத் தூக்கி நிறுத்தி, கீழே படுத்துப் பார்க்க வேண்டும்.

இன்ஜினிலும் இப்படி ஒரு இடம் உண்டு. இதன் சிலிண்டர் உறைகள் நேரடியாகக் கூலன்ட்டில் நிற்பவை. அடியில் ரப்பர் வளையங்கள்தான் தண்ணீரைத் தடுக்கின்றன. அவை தேய்ந்தால் கசிவு வெளியே தெரியட்டும் என்று இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் சிறு துளைகளை விட்டிருக்கிறார்கள். டார்ச் அடித்து அந்தத் துளைகளைப் பாருங்கள். காய்ந்து சுத்தமாக இருந்தால் நல்லது. ஈரமோ, கூலன்ட் வடிந்த தடமோ இருந்தால் இன்ஜினை இறக்கிப் பிரிக்கும் வேலை காத்திருக்கிறது. துளையே பெயின்ட்டாலோ வேறெதனாலோ அடைபட்டிருந்தால் இன்னும் மோசம். வெளியே வர வேண்டிய தண்ணீர் ஆயிலில் கலக்கும். இந்த இன்ஜினை முழுக்கப் பிரித்துக் கட்டப் பல பத்தாயிரம் பவுண்டு ஆகும். உடலையும் சேர்த்து முழுச் சீரமைப்பு என்றால் லட்சங்களில் பேச வேண்டும். காரணம் எளிது: தகட்டைக் கையால் தட்டி வடிவம் கொடுக்கத் தெரிந்தவர்கள் குறைவு, வேலை ஆயிரக்கணக்கான மணி நேரம். ஆஸ்டன் மார்ட்டினே புதிதாக ஒரு டிபி5 கட்ட ஏறத்தாழ 4,500 மணி நேரம் எடுத்துக்கொண்டது. மோசமான உடலைச் சீராக்கும் வேலையும் அந்தக் கணக்கை நோக்கித்தான் நகரும்.

அதனால் 'விலை மலிவு, கொஞ்சம் வேலை இருக்கிறது' என்று விளம்பரம் வரும் டிபி5-தான் கடைசியில் மிக அதிகச் செலவு வைக்கும்.

நிறத்திலும் ஒரு சிக்கல். படத்தில் பார்த்த வெள்ளி நிறத்துக்கு சில்வர் பிர்ச் என்று பெயர். அந்த நிறத்துக்கு இருக்கும் மவுசால், வேறு நிறத்தில் பிறந்த பல கார்கள் பின்னாளில் வெள்ளியாகிவிட்டன. வேடிக்கை என்னவென்றால், கோல்ட்ஃபிங்கரில் கருவிகளைச் சுமந்த முதல் காரும் அப்படித்தான்: டிபி4-இன் கடைசி வரிசையிலிருந்து உருவான மாதிரிக் கார், முதலில் ஒயின் சிவப்பில் இருந்து, படத்துக்காக வெள்ளியானது. அந்தக் கார் 1997-இல் ஃபுளோரிடாவின் போகா ரடோன் விமான நிலையக் கொட்டகையிலிருந்து திருடுபோனது தனிக்கதை. உங்களுக்கு வேண்டியது இதுதான்: காரோடு வரும் ஃபேக்டரிக் கட்டுமானப் பதிவில் நிறம், இன்ஜின் எண், சேசிஸ் எண் எல்லாம் இருக்கும். பிறந்த நிறத்தில், பிறந்த இன்ஜினோடு இருக்கும் பச்சை டிபி5, பிறகு வெள்ளியாக்கிய காரைவிட நல்ல பொருள். எனக்குக் கொடுத்தால் பச்சையைத்தான் எடுப்பேன்.

ஓட்டும்போது எப்படி? நெடுஞ்சாலையில் இன்றைய கார்களோடு சமமாகப் போகும். மணிக்கு 230 கிலோமீட்டர் தொடக்கூடிய கார் இது. நிறுத்துமிடத்தில் திருப்பும்போதுதான் தோள் வலிக்கும், பவர் ஸ்டியரிங் கிடையாது. பின்சீட் பெயருக்குத்தான். கோடையில் நெரிசலில் மாட்டினால் கண் வெப்பமானியிலேயே இருக்கும்.

எப்போது இது சரியான தேர்வு? வாங்கும் விலைக்கு மேல் தாராளமான ஒரு தொகையைத் தொடாமல் ஒதுக்கிவைக்க முடிகிறவருக்கு. அந்த வடிவத்தைத் தவிர வேறெதுவும் மனதுக்குள் இறங்காது என்கிறவருக்கு.

## டிபி6

1965 இலையுதிர்காலத்தில் டிபி5-இன் இடத்துக்கு வந்தது. இன்ஜின் அதேதான், கியர்பெட்டியும் அதேதான். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியான வீல்பேஸை ஏறத்தாழ 9.5 சென்டிமீட்டர் நீட்டினார்கள், பின்சீட்டில் தலை இடிக்காமல் கூரையைச் சற்று உயர்த்தினார்கள். பின்பக்கத்தை வெட்டினாற்போல் முடித்து ஓரத்தை மேலே நிமிர்த்தினார்கள். டிபி5-ஐ நேசிப்பவர்கள் வருத்தப்படுவது இந்த வாலுக்காகத்தான். ஆனால் அது அலங்காரம் இல்லை. வேகத்தில் காற்று காரின் பின்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும், இந்த வால் அதைக் குறைக்கிறது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு வித்தியாசம் கையில் தெரியும்.

பவர் ஸ்டியரிங்கைக் கூடுதல் காசுக்கு வாங்கலாம் என்று வைத்தார்கள், ஆட்டோமேட்டிக்கும் கிடைத்தது. அறுபது வயதைத் தாண்டியவர்கள் சிலர் ஆட்டோமேட்டிக் டிபி6-ஐ விலை குறைவு என்று எடுக்கிறார்கள். வேண்டாம் என்பேன். அந்த இன்ஜினின் குரல் கியர் மாற்றும் கையோடு சேர்ந்து வருவது. மேனுவலைத் தேடுங்கள், பவர் ஸ்டியரிங்கைத் தேடுங்கள்.

1969-இல் வந்த இரண்டாம் வடிவத்தில் சக்கரமும் அதன்மேல் வளைவும் அகலம். அந்தக் காலத்தில் புதுமையாக, வேண்டும் என்று கேட்டவர்களுக்கு எரிபொருள் இன்ஜெக்ஷன் கொடுத்தார்கள். அந்த இன்ஜெக்ஷன் தொல்லை பிடித்தது, பலர் பின்னாளில் அதைக் கழற்றிக் கார்புரேட்டர் மாட்டிவிட்டார்கள். இன்னும் இன்ஜெக்ஷனோடே இருக்கும் காரைப் பார்த்தால், அதைச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக் யார் என்று முதலில் கேளுங்கள்.

உடலில் மெல்லிய குழாய்களுக்குப் பதிலாகப் பெரும்பாலும் மடித்த தகட்டுச் சட்டங்கள் வந்தன. துருத் தொல்லை அதனால் தீரவில்லை. டிபி5-க்குச் சொன்ன சோதனைகள் எல்லாம் இதற்கும் பொருந்தும். சீரமைப்புச் செலவும் அதே அளவு. இதை மறந்துவிட வேண்டாம்: காரின் விலை பாதி, வேலையின் விலை பாதி இல்லை. மோசமான டிபி6-ஐ முழுக்கச் சீராக்கினால் செலவழித்த பணம் விற்கும்போது திரும்பாது. ஏற்கெனவே இன்னொருவர் பணம் போட்டுச் சீராக்கி, பில்களை அடுக்கிவைத்திருக்கும் காரைத்தான் வாங்க வேண்டும்.

இன்றைய பிரிட்டிஷ் மன்னர் சார்லஸ் 21 வயதில் பரிசாகப் பெற்ற திறந்த கூரை டிபி6-ஐ இன்னமும் வைத்திருக்கிறார். உபரி ஒயினிலிருந்தும் பாலாடைக்கட்டி தயாரிப்பில் மிஞ்சும் நீரிலிருந்தும் எடுத்த எத்தனாலில் ஓடும்படி அதை மாற்றியிருக்கிறார். நீங்கள் அப்படியே எத்தனால் ஊற்றிவிட வேண்டாம். அவருடையது அதற்கென மாற்றியமைத்த கார். மாற்றாத கார்களுக்கு பிரிட்டன் பெட்ரோல் நிலையங்களில் கிடைக்கும், எத்தனால் அதிகம் கலந்த சாதாரண ஈ10 பெட்ரோல் ஆகாது, ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கும். எத்தனால் குறைந்த ஈ5 சூப்பர் பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். இது டிபி4, டிபி5, டிபி6 மூன்றுக்கும் பொருந்தும்.

குடும்பத்தோடு ஸ்காட்லாந்துவரை போய்வர வேண்டும், மாதம் நாலு முறையாவது வெளியே எடுக்க வேண்டும், மீதிப் பணம் கையில் இருக்க வேண்டும் என்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான கார் இந்தப் பட்டியலில் இல்லை.

## டிபி4, ஐந்தாம் வரிசை

அதிகம் பேசப்படாத வழி. டிபி4-இன் கடைசி வரிசையில் வான்டேஜ் வகைக்கு, கண்ணாடி மூடிய சாய்ந்த முகப்பு விளக்குகள் உண்டு. சாலையில் போகிறவர்கள் இதை டிபி5 என்றுதான் நினைப்பார்கள். நாலடி தள்ளி நின்றால் கார் தெரிந்தவர்களே ஒரு கணம் தயங்குவார்கள். இன்ஜின் கொஞ்சம் சிறியது, கியர் நாலு. படப்பிடிப்புக்குப் போன முதல் காரே இந்த வரிசையின் பிள்ளை என்பதால், 'படத்துக்கு நெருங்கிய கார்' என்று இதையும் சொல்ல உரிமை உண்டு. எண்ணிக்கை குறைவு என்பதால் நல்லது ஒன்று கிடைக்கப் பொறுமை வேண்டும்.

## கோல்ட்ஃபிங்கர் கன்டினியூவேஷன்

கோல்ட்ஃபிங்கர் படத்தின் டிபி5-ஐ ஆஸ்டன் மார்ட்டினே புதிதாகக் கட்டிய கார் இது. 2018-இல் அறிவித்து, 2020-இல் கொடுக்கத் தொடங்கினார்கள். வாடிக்கையாளர்களுக்கு 25 கார்கள், எல்லாம் சில்வர் பிர்ச், எல்லாம் பழைய நியூபோர்ட் பாக்னெலிலேயே கட்டியவை. பாண்ட் படங்களின் சிறப்பு விளைவு நிபுணர் கிறிஸ் கார்பூல்ட் கருவிகளை அமைத்தார். சுழலும் நம்பர் பிளேட், புகைத்திரை, ஆயில் கொட்டுவது போன்ற அமைப்பு, விளக்குக்குப் பின்னாலிருந்து நீளும் பொய்த் துப்பாக்கிகள், பின்னால் எழும் கவசத் தகடு, கதவுக்குள் தொலைபேசி எல்லாம் நிஜமாகவே இயங்கும்.

சாலையில் ஓட்ட அனுமதி இல்லை. சொந்த எஸ்டேட்டில் ஓட்டலாம், பந்தயத் தளத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டலாம், டிரெய்லரில் ஏற்றி விழாக்களுக்குக் கொண்டுபோகலாம். 27.5 லட்சம் பவுண்டு கொடுத்த காரில் கடைக்குப் போய்ப் பால் வாங்கிவர முடியாது என்பதை வாங்குமுன் மனதார ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே அசல் டிபி5 வைத்திருக்கும் சேகரிப்பாளருக்கு, பெரிய நிலம் உள்ளவருக்கு, அருங்காட்சியகம் வைத்திருப்பவருக்கு இது சரி. வாழ்க்கையில் ஒரே ஒரு ஆஸ்டன்தான் என்கிறவருக்கு நிச்சயமாக இல்லை.

## சின்னவை

டிபி5 ஜூனியர், பைசெஸ்டரில் கட்டிய மூன்றில் இரண்டு பங்கு அளவு மின்கார். அசல் டிபி5-இன் எண்ணிக்கையை ஒட்டி 1,059 என்று வரம்பு வைத்தார்கள். ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் உட்காரலாம், தனியார் நிலத்தில் மட்டும் ஓட்டலாம். பேரப்பிள்ளையும் பெரிய தோட்டமும் இருந்தால் யோசிக்கலாம். மற்றபடி அந்தப் பணத்தை டிபி6-இன் பராமரிப்புக்கு வையுங்கள்.

மேசையில் வைக்கப் போதும் என்றால் 1965-இல் கார்கி வெளியிட்ட தங்க நிறப் பொம்மைக் கார் இன்னும் ஏலங்களில் கிடைக்கிறது. பெட்டியும், கூரை வழியே பறக்கும் அந்தச் சின்ன மனிதனும் கூடவே இருந்தால்தான் மதிப்பு. அந்த மனிதன்தான் முதலில் காணாமல் போவான்.

## எல்லாவற்றுக்கும் பொதுவான கணக்கு

டிபி4, டிபி5, டிபி6 மூன்றும் 40 ஆண்டு கடந்தவை என்பதால், பிரிட்டனில் வரலாற்று வாகனமாகப் பதிந்தால் சாலை வரி இல்லை, லண்டன் புகைக் கட்டணம் இல்லை, பெரிதாக மாற்றாத காருக்கு, சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் எம்ஓடி சோதனையும் கட்டாயம் இல்லை. ஆனாலும் ஆண்டுக்கொரு முறை சோதனைக்குக் கொண்டுபோங்கள். பிரேக்கும் ஸ்டியரிங்கும் சட்டத்துக்காக இருப்பவை அல்ல. தனியாரின் பயணக் காரை விற்று வரும் லாபத்துக்கு அங்கே மூலதன ஆதாய வரியும் இல்லை.

இன்சூரன்ஸை, காரின் மதிப்பை முன்கூட்டியே பேசி முடிக்கும் 'ஒப்புக்கொண்ட மதிப்பு' முறையில் எடுங்கள், இல்லாவிட்டால் விபத்துக்குப் பிறகு மதிப்பைப் பற்றி வாதாட வேண்டிவரும். ஈரமில்லாத ஷெட் வேண்டும். கம்பிச் சக்கரங்களும், அவை அச்சோடு பொருந்தும் நடுப்பகுதியின் பற்களும் தேயும். பல இடங்களில் கிரீஸ் இட வேண்டும். கார் ஓடாமல் நின்றாலும் செலவு நிற்காது. நின்ற கார்தான் சீல்களைக் காயவிடும், பிரேக்கை இறுக்கும்.

நீங்கள் பார்க்கப்போகும் கார் எதுவானாலும், இந்த மாடல்களைக் கைப்படப் பிரித்துக் கட்டிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய ஒரு நாள் கட்டணம் இந்த விவகாரத்தில் மிக மலிவான செலவு. இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஆறிய நிலையிலிருந்து கிளப்பும்போது வரும் புகையும் தட்டலும், சூடான பிறகு ஆயில் அழுத்த முள் எங்கே நிற்கிறது என்பதும் பல விஷயங்களைக் காட்டிக்கொடுக்கும். நீங்கள் போகும்போதே பானெட் சூடாக இருந்தால், விலை பேசாமல் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.